சுவிட்ச் சேர் வைத்த பெயர்

காது கேளாத என் மூன்று வயது மகளுக்குக் கைப்பெயர் வாங்கலாமா, வேண்டாமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் அதைத் தரக்கூடியவரைப் பற்றி ஒன்று நிச்சயமாகச் சொல்வேன். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே அதிகச் சத்தம் போட்ட மனிதர் அவர்தான். அவருக்கும் காது கேட்காது.

சைகை மொழி ஆசிரியரான அவரை 'சுவிட்ச் சேர்' என்போம். எங்களைக் கூப்பிட விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். அதற்கும் திரும்பாவிட்டால் பலகைத் தரையில் ஓங்கி மிதிப்பார். கீழ்மாடியில் விரிவுரை நின்றுபோகும். குறிப்பெடுக்கக் குனிந்தால் வெண்கட்டி பறந்து வரும். அவர் பேசும்போது பார்வையை விலக்குவது, முகத்துக்கு நேரே காதைப் பொத்திக்கொள்வது போலாம். விடைபெறுவது இன்னும் மோசம். போய்வாருங்கள் என்று கைகாட்டிய பிறகு வாசலில் ஒரு கதை, படியில் ஒரு கதை, கேட்டில் ஒரு கதை. நான் ஊருக்குப் போகும் ஹட்டன் பஸ் போயே போய்விடும். சட்டென்று கிளம்புவது காது கேளாதவர்களிடையே மரியாதை இல்லையாம்.

கைப்பெயர் என்பது சைகையில் ஒருவரைக் குறிக்கும் அடையாளம். அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது. காது கேளாதவர் ஒருவர் நம்மை நன்றாகக் கவனித்துவிட்டுத் தரவேண்டும். பூ, நிலா என்று ஏதாவது வரும் எனக் காத்திருந்தேன். கிடைத்தது நகம் கடிப்பது. மாற்றித் தரும்படி கெஞ்சினேன்.

"நீங்க கடிக்கிறத விடுங்க, யோசிப்போம்" என்று சைகை காட்டினார்.

விட்டுவிட முடியுமா என்று யோசித்தேன், நகத்தைக் கடித்தபடி.

இப்போது நோர்வூட் வீட்டில் என் மாமியார் கவலைப்படுகிறார். பேச்சுப் பயிற்சிக்கும் போகிறோம், சைகையும் பழகட்டும் என்றேன்.

"பேரயும் கையில வச்சிட்டா, நாங்க ஆசையா வச்ச பேரு எதுக்கும்மா?" என்றார்.

போன வாரம் சேருக்கு வீடியோ கோல் எடுத்தேன். நடுவில் அறை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மகள் நாற்காலியில் ஏறி சுவிட்சைப் பிடித்திருந்தாள். நான் அவளை அழைக்கும் முறை அது. திரும்பினேன். என்னைக் காட்டி, தன் நகத்தைக் கடித்தாள். என் கைப்பெயரை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

சேர் சிரித்த சிரிப்பில் அவருடைய ஃபோன் கீழே விழுந்தது. இவளுக்கும் ஒரு பெயர் தாருங்கள் என்றேன். நேரில் பார்க்காமல் தரமாட்டாராம். பிறகு விடைபெறத் தொடங்கினார். எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போனது.

அவளை அழைத்துப் போகட்டுமா, மாமியாருக்காகப் பொறுக்கட்டுமா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள். போகச் சொன்னால், திரும்பும் பஸ்ஸைத் தவறவிட இப்போதே தயாராக இருக்கிறேன்.