வாயை மூடிக்கொண்டு கேட்ட காலம்

மனித நாகரிகம் தன் உச்சத்தைத் தொட்ட நாள் எங்கள் சபைக்குத் தெரியும். நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் எல்லாம் அதற்கான ஒத்திகைகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, நவம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பிரிட்டன் முழுவதும் குடும்பம் குடும்பமாக ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, 'கலங்கரை விளக்கத்தில் ஒரு பிணம்' தொடரின் கடைசிப் பகுதியைக் கேட்டதே அந்த உச்சம். மறுநாள் திங்கள்கிழமை. அன்று தொடங்கிய சரிவு இன்னும் நிற்கவில்லை.

இந்த உண்மையைக் கட்டிக்காக்கவே பார்ஸ்டன் நகரில் 'பொற்கால ஒலிபரப்பு நினைவுச் சபை' இயங்கிவருகிறது. மாதத்தின் முதல் வியாழன் மாலை தேவாலய மண்டபத்தில் கூடுவோம். ஒரு நிமிடம் எழுந்து நின்று தொலைக்காட்சியைக் கண்டிப்போம். பிறகு உட்கார்ந்து நினைவுகூர்வோம். நான் கௌரவச் செயலாளர். அந்தத் தொடர் முடிந்தபோது எனக்கு மூன்று மாதம். இருந்தும் எல்லாப் பகுதிகளும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. இந்தத் திறமையை வியந்துதான் பதவியைக் கொடுத்தார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியின் ஒலிநாடா இன்று இல்லை. வானொலி நிலையத்தில் யாரோ அதன் மேலேயே உருளைக்கிழங்கு நோய் பற்றிய உரையொன்றைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆகவே கலங்கரை விளக்கக் காவலரைக் கொன்றது யார் என்பதற்கு உறுப்பினர்களின் நினைவு ஒன்றே ஆதாரம். அது பாறை போன்ற ஆதாரம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சிரில் தோர்ப்புக்குக் கொலையாளி பாதிரியார் என்று திட்டவட்டமாக நினைவிருக்கிறது. மேஜர் கிரிம்ஷாவுக்கு டாக்டர் என்று அதே அளவு திட்டவட்டமாக நினைவிருக்கிறது. இருவரும் ஒரே ஒலிபரப்பை ஒரே நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டு கேட்டவர்கள். இதனால் சபையில் பாதிரியார் கட்சி இடப்பக்கமும் டாக்டர் கட்சி வலப்பக்கமும் உட்காரும். பிஸ்கட் தட்டும் தனித்தனி.

"பாதிரியார்தான்யா. அந்த இருமல் இன்னும் என் காதுல இருக்கு," என்பார் சிரில்.

"இருமினது டாக்டரு. உங்க காது அப்பவே அவுட்டு."

"காதைப் பத்தி நீங்க பேசாதீங்க மேஜர். பீரங்கி பக்கத்துல நின்ன ஆளு நீங்க."

"பீரங்கியா? நான் சம்பளப் பட்டுவாடாப் பிரிவுல இருந்தேன்."

இந்தச் சச்சரவில் இறங்காத ஒரே மனிதர் டெஸ்மண்ட் பில்பீம். புன்னகை செய்வார். "எனக்குத் தெரியும். நேரம் வரும்போது சொல்றேன்," என்பார். தெரிந்தும் சொல்லாத பெருந்தன்மைக்காக அவரைத் தலைவராக்கினோம். தொடர்ந்து சொல்லாமலே இருந்ததால் ஆயுள் தலைவராக்கினோம். ஆண்டு விழாவில் அவர் ஆற்றும் உரை எங்களுக்கு மனப்பாடம்: கணப்பில் நிலக்கரி எரிகிறது. பக்கத்தில் அருமை மனைவி மியூரியல். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இன்ஸ்பெக்டர் அந்தப் பெயரைச் சொல்கிறார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்களும் துடைப்போம்.

அருமை மனைவி அந்த நேரத்தில் மண்டபத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பார். சபை தொடங்கிய நாளிலிருந்து அவர் எங்கள் 'தேநீர்ப் பொறுப்பாளர்'.

ஒருநாள் நான் தட்டைக் கொடுக்கப் போனபோது மியூரியல் சொன்னார்: "அன்னைக்கு நான் உள்ள டீ போட்டுக்கிட்டிருந்தேன்பா. பேரைக் கேக்கவே இல்ல. அதுக்காகத்தான் இந்தச் சபையிலயே சேர்ந்தேன்."

தலைவரின் உரைப்படி அவர் பக்கத்தில் இருந்தார். உரை அச்சேறிவிட்டதால் நான் உரையையே நம்பினேன்.

"தலைவரைக் கேட்டா சொல்லிடுவாரே."

"கேக்காமலா? சொன்னா சுவாரசியம் போயிடுமாம். எனக்கு எழுபத்தி மூணு ஆச்சு. இன்னும் எப்பப்பா போகும் அந்தச் சுவாரசியம்?" என்றவர், துடைத்த கோப்பையை மறுபடி துடைத்தார். "இன்னும் ஆறு மாசத்துல இதயத்துல ஆபரேஷன். மயக்க ஊசி போட்டப்புறம் எந்திரிக்கலைன்னா? எவன் கொன்னான்னு தெரியாமலே போய்ச் சேரணுமா?"

ஆறுதலாக, தட்டில் இன்னும் கொஞ்சம் கறை இருப்பதைச் சுட்டிக்காட்டினேன்.

இந்த நிலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. மியூரியலின் தம்பி ரெஜி இறந்துபோனார். தன் கல்யாணத்துக்கு முன்பு அவர் அக்கா வீட்டில் தங்கியிருந்தவர். தவணையில் டேப் ரெக்கார்டர் வாங்கி, ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்துக் கண்டதையும் பதிவு செய்தவர். அவருடைய கார் ஷெட்டைக் காலி செய்தபோது ஒரு டப்பா கிடைத்தது. மேலே 'பிணம், கடைசி' என்று எழுதியிருந்தது.

மியூரியல் அதைக் கணவரிடம் கொடுத்தார். கணவர் அதை இரண்டு மாதம் அலமாரியில் வைத்துப் 'பாதுகாத்தார்'. பொறுத்துப் பார்த்த மியூரியல், அவர் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டார்.

செயற்குழு அவசரமாகக் கூடியது.

"ரெஜி வாங்கினது மட்டமான மெஷின். ஒண்ணும் கேக்காது," என்றார் தலைவர்.

"கேட்டுத்தான் பார்ப்போமே," என்றார் சிரில்.

"காந்தம் பட்டு அழிஞ்சிருக்கும்."

"எங்க வீட்டுல காந்தம் ஏது?" என்றார் மியூரியல். "இன்னொண்ணு. பேர் வர்றப்ப நான் மண்டபத்துல உக்காந்திருக்கணும்."

குழு திடுக்கிட்டது. நாடா எட்டு மணிக்கு ஓடத் தொடங்கினால், பெயர் எட்டரைக்கு வரும். சபை விதிகளின்படி எட்டரை தேநீர் நேரம்.

"விதியை மாத்த முடியாதும்மா," என்றார் சிரில்.

"அப்ப முன்னாடியே குடிச்சுத் தொலைங்களேன்."

"முன்னாடியேன்னா தாகம் எடுத்திருக்காதே," என்றார் மேஜர்.

பாதிரியார் கட்சியும் டாக்டர் கட்சியும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றன. நெடிய விவாதத்துக்குப் பின் நிறைவேறிய தீர்மானம் பெண்ணுரிமை வரலாற்றில் இடம்பெற வேண்டியது: 'தேநீர்ப் பொறுப்பாளருக்கு ஒரு நாற்காலி, சமையலறைக் கதவையொட்டி, தற்காலிகமாக, வெந்நீர் கொதிநிலையில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் வழங்கப்படுகிறது.'

குறித்த நாளில் மண்டபம் நிரம்பியது. நகர மேயர் தன் பதவிக்குரிய கழுத்துச் சங்கிலியோடு வந்திருந்தார். இரண்டு கட்சிகளும் வெற்றி உரையைச் சட்டைப்பையில் வைத்திருந்தன. மியூரியல் தேவாலயத்துக்குப் போடும் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் மட்டும் தனக்கு லேசாகக் காய்ச்சல் என்றார். மேயருக்கு முன்னால் காய்ச்சலுக்கு மதிப்பில்லை.

நாடா சுழன்றது. முதலில் இரைச்சல். பிறகு நிலக்கரி வெடிக்கும் ஓசை, யாரோ மூக்கு உறிஞ்சும் ஓசை. பிறகு தொடரின் தொடக்கத்தில் ஊதும் அந்தப் பழைய மூடுபனிச் சங்கு. நாற்பத்தாறு வருடம் கரைந்து போனது. சிரில் அழுதார். மேஜர் அழுதார். எனக்கும், மூன்று மாதக் குழந்தையாக, அழுகை வந்தது.

அரை மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் எல்லாரையும் விளக்கு அறையில் கூட்டினார்.

"இந்த அறையைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. லாந்தர்ல எண்ணெய் இல்லைங்கிறது உங்கள்ல ஒருத்தருக்குத்தான் தெரியும். காவலரைக் கொன்ன அந்த ஒருத்தர்..."

"மியூரியல், டீ என்ன ஆச்சு?"

குரல் இளமையானது. ஆனால் யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்தது. மண்டபத்தில், கதவோரம், மியூரியல் எழுந்து நின்றுவிட்டார். கைப்பை கீழே விழுந்தது. இரண்டடி வைத்த பிறகுதான் அழைப்பு நாடாவிலிருந்து வந்தது என்று அவருக்கு உறைத்தது.

நாடா ஓடிக்கொண்டிருந்தது.

"இருங்க டெஸ்மண்ட், பேர் சொல்றாங்க."

"நான் கேட்டுச் சொல்றேன். நீ போய்ப் போடு. எனக்கு சர்க்கரை ரெண்டு."

"டெஸ்மண்ட், கொஞ்சம் வாயை மூடித் தொலைங்களேன்." இது ரெஜி.

"நீ என்ன என் வீட்டுலயே எனக்கு..."

கதவு சாத்தும் ஓசை. அடுத்துக் கேட்டது நிகழ்ச்சி முடிந்ததற்கான வாத்திய இசை.

திரும்பச் சுற்றினோம். திரும்பவும் டீ என்ன ஆச்சு என்றது. மேஜர் ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். அவரிடமும் அதையே கேட்டது.

"டெஸ்மண்ட்," என்றார் மியூரியல். "தெரியும் தெரியும்னீங்களே. யாரு?"

தலைவர் கூரையைப் பார்த்தார். "ஒலிப்பதிவு தெளிவா இல்ல."

"நல்லாத்தான் இருக்கு. சர்க்கரை எத்தனைன்னு வரைக்கும் கேக்குது." மியூரியல் இரண்டு கட்சிகளின் பக்கமும் திரும்பினார். "சரி, நீங்க எல்லாரும் கேட்டீங்கல்ல? சொல்லுங்க."

சிரில் செருமினார். "எங்க வீட்டுல அந்த நேரத்துல... என் பைப்பைக் காணோம்னு தேடிக்கிட்டிருந்தோம்னு நினைக்கிறேன்."

"எங்க வீட்டுல நாய் குரைச்சுது," என்றார் மேஜர்.

"உங்க வீட்டுல நாயே கிடையாதே," என்றார் சிரில்.

"அப்ப நானாத்தான் இருக்கும்."

அதன் பிறகு மண்டபத்தில் விழுந்த அமைதியை என்னவென்று சொல்வேன். ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எங்கள் பொற்காலம் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. ஆனால் மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டரையைத் தாண்டியிருந்தது. சபையின் மானத்தைக் காப்பது கௌரவச் செயலாளரின் கடமையல்லவா? நான் எழுந்தேன்.

"டீ என்ன ஆச்சு, மியூரியல்?"

மியூரியல் கைப்பையைக் குனிந்து எடுத்தார். நாற்காலியைச் சமையலறைக் கதவிலிருந்து இழுத்துவந்து ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே போட்டார். நிதானமாக உட்கார்ந்து, நாடாவை இன்னொரு தடவை திரும்பச் சுற்றினார்.

"நீங்கள்லாம் போய்ப் போடுங்கப்பா," என்றார். "பேர் வந்தா நான் கேட்டுச் சொல்றேன்."

நினைவுச் சபையின் ஆண்கள் அத்தனை பேரும் சமையலறைக்குள் போனோம். தேயிலை எந்த டப்பாவில் இருக்கிறது என்பது ஒருவருக்கும் நினைவில்லை.