அடுப்பில் ஏறாத இறால்

உலகத்தில் எத்தனையோ சமையல்காரர்கள் இருக்கலாம். அடுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சிவக்கிற ஒரே சமையல்காரர் எங்கள் செவிலிமேட்டில், சரியாக என் எதிர் வீட்டில்தான் இருக்கிறார். காஞ்சிபுரத்தில் இவ்வளவு தெரு இருக்க, இந்த ஆள் எனக்கு எதிரில் ஏன் வீடு கட்டவேண்டும் என்று நான் முறையிடாத தெய்வமில்லை. இந்த ஊரில் தெய்வங்களுக்குப் பஞ்சமும் இல்லை. ஒன்றுகூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் மெக்சிகோ. சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் கூரியர்காரர்கூட ‘மெக்சிகோ வீடு எது சார்?’ என்று என் தூக்கத்தைக் கெடுத்துத்தான் கேட்கிறார். சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாக இருந்தவர். கப்பல் கம்பெனி திடீரென்று கையை விரித்துவிட, மெக்சிகோவின் மேற்குக் கரையில் மசத்லான் என்ற துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார். சம்பளமும் இல்லை, ஊர் திரும்ப வழியும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவரின் தாயார் இவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மாதக்கணக்கில் சோறு போட்டிருக்கிறார். போகட்டும், புண்ணியவதி. சோற்றோடு நிறுத்தியிருக்கலாம். தங்கள் குடும்பத்துப் பதார்த்தம் ஒன்றையும் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பெயர் அகுவாசீலே.

கரைக்கு வந்த அன்றே வாங்கிய இறாலை உரித்து, முதுகைக் கீறி, நரம்பை எடுத்துவிட்டு எலுமிச்சைச் சாற்றில் போடுகிறார். பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு மூன்றையும் அரைத்து அதன் தலையில் ஊற்றுகிறார். வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் மெல்லிசாக அரிந்து தூவுகிறார். சாற்றில் கிடந்து இறால் வெளுத்ததும், மக்காச்சோள மாவில் செய்த தட்டையின் மேல் வைத்து நீட்டுகிறார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. தட்டை பொரிப்பதற்கு மட்டும் அவர் வீட்டம்மாவுக்கு அடுப்பு மூட்ட அனுமதி உண்டு.

இந்த அநியாயத்துக்கு எங்கள் தெரு கொடுத்த விலை கொஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை இறாலுக்காக வெள்ளிக்கிழமையே கடைத்தெரு எலுமிச்சை முழுவதையும் அள்ளிவிடுவார். அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றப் போன என் மனைவி வெறுங்கையோடு திரும்பிவந்து, அந்தக் கோபத்தை என் மேல் காட்டினாள். அம்மனும் என் மேல்தான் காட்டியிருப்பாள். அந்த வாரம் முழுக்க எனக்கு வயிறு சரியில்லை.

இறால் வாங்க முதல் பஸ்ஸில் மாமல்லபுரம் பக்கம் போவார். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார். ஒருமுறை என் போதாத காலம், நானும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெட்டி ஒழுகியது. பக்கத்து சீட்டில் இருந்தவர் முகூர்த்தப் பட்டு ஒன்றை நெய்து முடித்து முதலாளியிடம் கொடுக்கக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பை நனைந்ததும் அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் பஸ்ஸையே ஓரம் கட்டிவிட்டார். மெக்சிகோ அசையவில்லை. என்னைக் கைகாட்டி, வேண்டுமென்றால் இவரைக் கேட்டுப் பாருங்கள், எதிர் வீட்டுக்காரர், இது நல்ல இறால் என்று சாட்சி சொல்வார் என்றார். அதன்பிறகு திட்டு முழுவதும் எனக்குத்தான் விழுந்தது. புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கிண்ணம் என் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு ஞாயிறும் திருப்பி அனுப்புவேன். தெருப் பெண்கள் இன்னும் மோசம். நம் ஊர்க் கண்ணுக்கு அது பாதி வேலை. எலுமிச்சையும் மிளகாயும் போட்டு இறால் ஊறுகிறது என்றால் அடுத்தது எண்ணெய் காயவேண்டும், இல்லையா? எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்போது பொரிக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவருக்குத் தலைக்கேறும். வெந்துவிட்டது, எலுமிச்சையிலேயே வெந்துவிட்டது என்று தெரு முனைவரை துரத்திக்கொண்டு போய்ச் சொல்வார். பச்சையாகத் தின்றால் ஆஸ்பத்திரிக்கு யார் அலைவது என்று நானும் ஒருமுறை கேட்டேன்.

“ஊறுகா துன்றியே, அத்த எந்த அடுப்புலபா வேக வச்சாங்க?” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கோபம் அதிகம்.

இப்படி இருக்கும்போது அவர் மகள் நித்யாவுக்குச் சம்பந்தம் பேச வருவதாகச் சொன்னார்கள். ஏனாத்தூரில் அவளோடு கூட வேலை பார்க்கிற பையன், அவளே விரும்பிச் சொன்ன பையன். சொந்த ஊர் திருப்புட்குழி. அப்பா இல்லாத வீடு. நிலத்தையும் மாட்டையும் பையனையும் தனியாக நின்று பார்த்தவர் அவன் அம்மா. அந்த அம்மா சரி என்றால் சரி, இல்லையென்றால் இல்லை.

பேச்சு முடியாதவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிப்பதோடு சரி, சாப்பிட உட்கார மாட்டார்கள். உட்கார்ந்து வைத்ததைச் சாப்பிட்டால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். வைத்ததைத் தொடாமல் எழுந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு. அந்த முதல் தட்டில் தன் பச்சை இறாலைத்தான் வைப்பேன் என்று மெக்சிகோ ஒற்றைக்காலில் நின்றார்.

முந்தின நாள் சாயங்காலம் நித்யா என்னிடம் ஓடிவந்தாள். “அவங்க எறால தொடாம எழுந்துட்டாங்கன்னா அவ்ளோதான் மாமா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.” கண் கலங்கியிருந்தது. கொதித்துப்போய் எதிர் வீட்டுக்குப் போனேன். பெற்ற மகளைவிட இறால் பெரிதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“ஒன் வூட்டுல நல்லது நடக்க சொல்ல என் தட்ட மொதல்ல வைன்னு சொல்லி அனுப்புனாங்கபா அந்த மசத்லான் அம்மா. என் பொண்ணுக்கு வைக்கலன்னா வேற யாருக்கு வைக்கப் போறேன்? நாளைக்கு போன்ல பாக்கறேன்னு இருக்காங்க.”

மறுநாள் நான் பெண் வீட்டுப் பெரியவன் என்று கூடத்தில் உட்கார வைக்கப்பட்டேன். பேச்சு ஆச்சரியமாகச் சுலபத்தில் முடிந்தது. பையனின் அம்மா வெற்றிலையைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பிடலாம் என்றார். நித்யாவின் அம்மா இலை போட வந்தார். கை கழுவப் பின்பக்கம் போன சம்பந்தியம்மாள் வெகுநேரமாகத் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க ஒரு வாசனை பரவியது. நல்ல எண்ணெயில் கறிவேப்பிலை பொரிகிற வாசனை.

மெக்சிகோவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை.

சம்பந்தியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி, கையில் சட்டியோடு வெளியே வந்தார். “எறால ஊறப்போட்டுட்டு அப்படியே வுட்டுட்டீங்களேமா. ஒத்தக் கையா அல்லாடறீங்க போலன்னு நானே போட்டு எடுத்துட்டேன். இனிமே நம்ம வூடுதானே.”

பெண் வீட்டு அடுப்படியில் உரிமையோடு நின்று சமைக்கிற சம்பந்தி யாருக்குக் கிடைக்கும்? நித்யா சந்தோஷப்படவா அழவா என்று தெரியாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் எல்லாம் போச்சு. எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை காலம் அந்த இறாலைச் சபித்தவன் நான். அதைப் பொரிக்கச் சொல்லி இந்த அம்மாவிடம் யார் கேட்டது? எங்கள் தெருவே கேட்டும் பொரிக்காத இறால் அது. திட்டுவதாக இருந்தால் நாங்கள் திட்டுவோம், திருப்புட்குழியிலிருந்து வந்து இவர் யார் கை வைக்க? எழுந்தேவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

மெக்சிகோ சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “நல்ல வாசனையா இருக்குதுமா” என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். மகளுக்காக மனுஷன் அதையும் முழுங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. திரையில் நரைத்த தலையும் பெரிய தோடுமாக ஒரு கிழவி. பின்னால் குடும்பமே கூடி நின்றது. அங்கே ராத்திரி. மெக்சிகோ போனைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிர்த்திப் பிடிக்கவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் நின்றார்.

யார் என்று சம்பந்தியம்மாள் கேட்டார்.

“கப்பல்காரன் நடுவுல வுட்டுட்டு போய்ட்டான்மா. நான் யாரு இன்னான்னே கேக்காம சோறு போட்டது இவங்கதான். இது அவங்க வூட்டு எறால். அடுப்புல வைக்காம துன்றது. நீங்க துன்றத பாக்கணும்னு முழிச்சிக்கினு இருக்காங்க. பரவால்லமா, நான் எதுனா சொல்லிக்கறேன்.”

சம்பந்தியம்மாள் சட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். உள்ளே போனார். சட்டி கொள்ளாததால் பொரிக்காமல் மிச்சம் வைத்திருந்த ஒரு கிண்ணம் இறாலோடு வந்து இலையில் உட்கார்ந்தார். “எனக்கோசரம் ஒருத்தங்க தூங்காம இருக்க சொல்ல, நான் கை நனைக்காம போவனா?” என்று சொல்லிவிட்டு, தட்டையின் மேல் இறாலை வைத்து வாயில் போட்டார்.

மென்றார். கண்ணை மூடினார். இன்னொன்று எடுத்தார். அந்தக் கோடியில் கிழவி கைதட்டியது எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது. நித்யா அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். “உப்பு சரியா இருக்குதுண்ணே” என்றார் சம்பந்தியம்மாள். மெக்சிகோ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கிண்ணம் கைமாறி என்னிடம் வந்தபோது வெங்காயம்தான் மிச்சம். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அதை வழித்துச் சாப்பிட்டேன். புளிப்பும் உறைப்புமாக உச்சந்தலைவரை ஏறியது. இவ்வளவு ருசியானதை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூட என் வாயைப் பிடித்து ஊட்டாத இந்த ஆளெல்லாம் ஒரு எதிர் வீட்டுக்காரரா?

அடுத்த ஞாயிறு கிண்ணம் வருவதற்கு முன்பே நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே நகர்ந்து வழிவிட்டார்.

“இன்னாபா, இவ்ளோ லேட்டா வர்ற?” என்றார்.

அந்த மனுஷன் பேசி நான் கோபப்படாத நாளே கிடையாது. அன்றைக்கு மட்டும் கோபம் வரவில்லை.