ஒன்பது விநாடியும் ஒரு டோனட்டும்

"யோவ், வாயை மூடுய்யா!" மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சீறினார் ஓரெஸ்ட்.

பதினாறு வருஷம் ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தவர். தொலைக்காட்சி வர்ணனையாளராக இன்று முதல் நாள். தேறினால்தான் வேலை நிரந்தரம். கீழே ரைலன் என்ற புதுப் பையன், தன் முதல் ஆட்டத்திலேயே, கடைசிப் பகுதி வரை ஒரு கோல்கூட விடவில்லை. அப்படியே ஆடி முடித்தால் அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது. முடியும்வரை அதை யாரும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் கோல் விழும். எதற்கு வம்பு, நாமும் இங்கே எழுத வேண்டாம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த வர்ணனையாளர் லார்னுக்கு அந்த இங்கிதமே கிடையாது. ஓரெஸ்ட் தன் வாழ்நாளில் கடைசி நிமிஷம் வரை கோல் விடாமல் நின்றது ஒரே ஒரு ஆட்டத்தில். பதினொரு வருஷத்துக்கு முன்னால். அன்று இதே லார்ன்தான் அந்தச் சொல்லை ஊரறியச் சொன்னார். அடுத்த கணம் கோல். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"நடக்கறதைச் சொல்லத்தான் தம்பி சம்பளம்," என்றார் லார்ன். "பையன் இன்னிக்கு ஒரு..."

மேஜைக்கடியில் ஓரெஸ்ட் ஓர் உதை விட்டார். "ஐயோ, என் முட்டி!" என்ற அலறல் சஸ்காட்டூன் நகரம் முழுக்கக் கேட்டது.

"அங்க யாருக்கு அடி?" காதுக்கருவியில் தயாரிப்பாளர் கிளெண்டா.

"ஒண்ணுமில்லம்மா."

லார்ன் மறுபடி வாய் திறந்ததும் ஓரெஸ்ட் அவருடைய மைக் ஒயரைப் பிடுங்கினார். அது இரண்டு மைக்குக்கும் பொதுவான ஒயர்.

"வீட்டு டிவி கெட்டுப்போச்சான்னு நாப்பது பேர் ஃபோன் பண்ணிட்டாங்க! ஏதாவது பேசித் தொலைங்க!" காதுக்குள் கிளெண்டா அலறினாள்.

ஒயரைச் செருகிவிட்டுப் பேசினார். லார்னுக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் பேசினார். கீழே இரண்டு ஆட்டக்காரர்கள் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு மூக்கை உடைத்துக்கொண்டிருந்தபோது, தன் அம்மா பெரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயத்தை எந்தப் பதத்தில் வதக்குவாள் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"இது என்ன சமையல் நிகழ்ச்சியா? லார்னைப் பேச விடு. இல்லேன்னா நாளைக்கு வராதே. உங்க கூத்தை அப்படியே காமிராவுல காட்டினாத்தான் புத்தி வரும்!"

"வேலை போனாப் போகட்டும்! ஒரு பையன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டு எனக்குச் சோறு எறங்குமா?"

ஒன்பது விநாடி மிச்சம். நின்றிருந்த ஆட்டம் தொடங்கப் போகிறது. "ரசிகர்களே," என்று லார்ன் மூச்சை இழுத்தார். ஓரெஸ்ட் கையில் அகப்பட்ட சாக்லேட் டோனட்டை முழுசாக அவர் வாய்க்குள் திணித்தார்.

ஹாக்கிப் பந்தான அந்த ரப்பர் வட்டு, பக், ரைலனின் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போய்ப் படுத்தது.

"பாவி!" ஓரெஸ்ட் லார்னின் தோளைப் பிடித்து உலுக்கினார். "மனசுக்குள்ள சொன்னேல்ல? அதே போதும்!"

ஆட்டத்தில் ரைலனின் அணிதான் ஜெயித்தது. அது யாருக்கு வேண்டும்? பேட்டிக்கு வந்து நின்ற ரைலனிடம் ஓரெஸ்ட் கொதித்தார்: "தம்பி, பயப்படாம நாடறியச் சொல்லு. உன்னைக் கெடுத்தது இந்த ஆள்தானே?"

ரைலன் தலையைச் சொறிந்தான்.

"ஐஸ்ல நிக்கறவனுக்கு நீங்க மேல பேசற ஒரு வார்த்தையும் கேக்காதுண்ணே, உங்களுக்குத் தெரியாததா? எவ்வளவு நேரம் மிச்சம்னு அண்ணாந்து பார்த்தேன், பெரிய திரையில நீங்க அந்தத் தாத்தா வாயில டோனட்டை அமுக்கிட்டு இருந்தீங்க, சிரிச்ச சிரிப்புல பக் வந்ததையே பாக்கல."