மதுரை வண்டியும் என் இருதயமும்

சிவமயம்

மதுரையில் மகள் ராஜேஸ்வரி வீட்டில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும் சௌபாக்கியவதி சீதைக்கு, உன் வீட்டுக்காரன் வயிரவன் எழுதுவது. நான் நலம். அதற்குப் புதுக்கோட்டை டாக்டரின் சர்டிபிகேட்டும் இருக்கிறது.

"அறுபது வயசுல வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கிட்டு ரோட்டுல ஓடுனா நெஞ்சு வெடிச்சுப் போகும். ஓட்டத்தை விட்டாத்தான் திரும்பி வருவேன்" என்று சொல்லி மதுரை வண்டி ஏறினாயே, இப்போது கேட்டுக்கொள். வாலிபர் சங்கத்தார் திருமயத்திலிருந்து புதுக்கோட்டை வரை நடத்தும் ஓட்டப்பந்தயத்துக்கு, வயதானவர்கள் இருதயத்தைச் சோதித்து வரவேண்டும் என்றார்கள். போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான் டாக்டர் வீடு. மனிதர் முதல் வேலையாக என் நெஞ்சிலிருந்த திருநீற்றைப் பஞ்சால் துடைத்துவிட்டு, மரப்படி ஒன்றைக் காட்டி, விடாமல் ஏறி இறங்கச் சொன்னார். நான் என்றைக்கு இடது காலை முன்னே வைத்துப் படி ஏறியிருக்கிறேன்? ஒவ்வொரு தடவையும் நின்று, காலை மாற்றி, வலது காலை வைத்தேன்.

"எந்தக் காலா இருந்தா என்ன, நிக்காம ஏறுங்க!"

"ஒங்க வீட்டுப் படியில நீங்க எப்படி வேணாலும் ஏறுங்க. நான் இப்படித்தான்."

எண்ணிக்கொண்டிருந்த கம்பவுண்டர் மூக்கனுக்குக் கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து ஏறவிட்டார்கள். பிறகு என்னைப் படுக்கவைத்து, இருதயத் துடிப்பைக் காகிதத்தில் வரைகிற மெஷினின் ஒயரை நெஞ்சில் மாட்டினார்கள். ஊசி ஒழுங்காகத்தான் கோடு போட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே சேவுகன் ஓட்டுற மதுரை வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. ஊசி காகிதத்தைவிட்டே எகிறிருச்சு.

"என்னங்க, படி ஏறினப்பகூட இப்படித் துள்ளலையே?" என்றார் டாக்டர்.

"எலி ஓடுச்சு" என்றேன்.

"எலி இல்லைங்க, மதுரை வண்டி" என்றான் மூக்கன், கேட்காமலே. "ஆச்சி மதுரையிலதான இருக்காங்க?"

டாக்டர் சிரித்துக்கொண்டே, இருதயம் கல் மாதிரி இருக்கிறது, தாராளமாக ஓடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே நீ சொன்ன காரணம் செல்லாது. ஜெயித்தவன் நான். இருந்தாலும் உன்னை வா என்று நான் கூப்பிடப் போவதில்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. காப்பி நானே போடுகிறேன், இரண்டு டம்ளரில் ஊற்றிவிடுகிறேன், இரண்டையும் நானே குடிக்கிறேன். உன் வெற்றிலைப் பெட்டியைத் தினமும் துடைக்கிறேன், தூசி எனக்கு ஆகாது என்பதற்காக. சாயங்காலம் திருமயம் பஸ் நிற்கும் இடம்வரை ஓடுகிறேன். மதுரை வண்டி வருகிற நேரமும் அதுதான் என்றால் அதற்கு நான் என்ன செய்ய? அப்போதுதான் வெயில் தாழ்கிறது.

மாப்பிள்ளைக்கும் ராஜேஸ்வரிக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும்தான், கோபம் ஒருபக்கம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வயிரவன்

பின்குறிப்பு: பந்தயம் போன வாரமே முடிந்துவிட்டது. நான் ஓடவில்லை. எல்லாரும் புறப்படுகிற நேரத்தில் மதுரை வண்டி வந்தது. யார் இறங்குறாங்கன்னு பார்க்கப் போயிட்டேன். நீ இறங்கலை. ஆனாலும் சாயங்கால ஓட்டத்தை நான் நிறுத்தவில்லை. ஓட்டத்தை விட்டால்தான் வருவேன் என்றாய். நீ அந்த வண்டியிலிருந்து இறங்கினால்தான் என் ஓட்டம் நிற்கும்.