ஆளுக்கொரு துண்டு

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஆளைப் பொறுப்பெடுத்ததற்கு ரசீது எழுதிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் துண்டு அண்ணைதான். ரசீதை நாங்கள் துண்டு என்போம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவர் எழுதினதை ஓரெழுத்து விடாமல் வாசிப்பேன்.

தொண்ணூறுகளில் கபோ சந்தைக்குப் பின்னால் ஒரே கட்டிடத்தில் இருந்தோம். சிஞோரா என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய எசமானியின் வீட்டு வேலைக்குப் போகும்போது என் மகளை அவரிடம் விட்டுப்போவேன். முதல் நாளே துண்டை நீட்டினார்: "பெண்பிள்ளை ஒன்று. வயது நான்கு. சிவப்புச் சட்டை. முழங்காலில் பழைய காயம். காலை ஏழரைக்குப் பெற்றுக்கொண்டேன்." கீழே கையெழுத்து.

பின்னேரம் அந்தத் துண்டைக் கொடுத்தால்தான் பிள்ளை வரும். ஒருநாள் அதைச் சிஞோரா வீட்டிலேயே விட்டுவிட்டேன். உள்ளே மகள் "அம்மா" என்று கத்துகிறாள். இவர் கதவை மறித்துக்கொண்டு கேட்கிறார்.

"நீங்கள்தான் தாய் எண்டதுக்கு என்ன அத்தாட்சி, தங்கச்சி?"

திரும்பப் போய் எடுத்து வந்தேன். போகவர வழியெல்லாம் அவரைத் திட்டினேன்.

குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்தால், முத்திரை குத்தித் துண்டு தருவார்கள். நாங்கள் வரிசையில் நின்ற அலுப்பில் அதைப் பைக்குள் திணிப்போம். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பொலிஸ்காரன் நெற்றியைத் தட்டிக் காட்டிச் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் கோபத்தில், இது என்ன விசர் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

ஊரில் அவர் பிரஜைகள் குழுச் செயலாளர். ஆமி பிடித்த பிள்ளைகளுக்காக முகாம் வாசலில் நின்று, பிடித்ததற்குத் துண்டு வாங்கித் தாய்மாரிடம் கொடுப்பார். துண்டு இருந்தால் பிறகு இல்லையென்று சொல்ல ஏலாது. அவருடைய மகனைக் கூட்டிப்போக வந்த அதிகாரியோ, குழுக் கூட்டத்தில் இவரோடு தேத்தண்ணி குடித்தவன். ஐந்து நிமிட விசாரணை என்றானாம்.

"தெரிஞ்ச முகம், தங்கச்சி. துண்டு கேட்க வெக்கமாக் கிடந்தது."

மறுநாள் அதே அதிகாரி, அப்படியொரு பெடியனை நாங்கள் பிடிக்கவேயில்லை என்றுவிட்டான்.

அதற்குப் பிறகு நான் துண்டை மறந்ததில்லை.

ஒரு மாரிகாலக் காலையில் அவருக்கு நெஞ்சுவலி. அம்புலன்ஸ்காரர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவரால் கதைக்க முடியவில்லை, என்னையே பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ரசீது கேட்டேன். ஆளுக்கு ரசீதா என்று அவர்களில் ஒருவன் சிரித்தான். நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் பெயரும் நேரமும் எழுதிக் கிழித்துத் தந்தான். அதை அண்ணைக்குக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்கு அவருடைய உடலை எடுக்கப் போனபோது துண்டை நீட்டினேன். அது தேவையில்லை, நீயே வைத்துக்கொள் என்றார்கள்.

இன்றைக்கும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதன் மறுபக்கத்தில், என் கோணல் எழுத்தில், நான் எழுதியிருக்கிறேன்: "அண்ணன் ஒருவர். பெற்றுக்கொண்டேன்."