கீறல் விழாத கண்ணாடி

என் மனைவியை ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று போன மாதம் தீர்மானித்தேன். முப்பத்து நாலு வருட இல்லறத்தில் அது முதல் தடவையாக இருந்திருக்கும்.

விஷயம் பெரிதல்ல. என் கைக்கடிகாரத்துக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் ரகமான அக்ரிலிக் போடலாம், கல் ரகமான சஃபையர் போடலாம். எனக்கு வேண்டியது அக்ரிலிக். ஆகவே சஃபையர்தான் வேண்டும் என்று அவளிடம் அடம்பிடிக்கத் திட்டம் போட்டேன். இதில் என்ன புத்திசாலித்தனம் என்று கேட்பீர்கள். எனக்கும் இப்போது அதே சந்தேகம்தான். முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் நேரம் பார்ப்பவனாக இருந்தேன். ஒரு காலர் தைக்க எத்தனை விநாடி, ஒரு பொத்தான் வைக்க எத்தனை விநாடி என்று தைப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று அளந்து, அட்டையில் எழுதுகிற வேலை. நான் அளந்துவிட்டுப் போன மறுவாரம் அவர்களுக்கு வேலை கூடும். அதனால் நான் ஒரு வரிசைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும், சிரிப்பு நிற்கும், சில சமயம் மெஷினே நிற்கும். எனக்கு 'டிக்டிக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைக்கு ஆறு நாற்காலி. நான் உட்கார்ந்த மேஜையில் ஐந்து எப்போதும் காலி. முப்பத்தோரு வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கைதட்டல் எட்டு விநாடி நீடித்தது.

கையில் கட்டியிருந்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய குரோனோகிராஃப். தினமும் சாவி கொடுக்கிற பழைய ரகம். பெரிய முகத்துக்குள் மூன்று குட்டி முகங்கள். பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். மேலே இருப்பதை அமுக்கினால் நீள முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழே இருப்பதை அமுக்கினால் பழைய இடத்துக்கே போய் அடக்கமாக நிற்கும். என் பேச்சைக் கேட்டு அடங்கியது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு ஆள் இல்லை. மனைவி இருந்தாள்.

"டீ போட ஆறு நிமிஷம் பதினாலு விநாடி எடுத்துக்கிறே" என்றேன் முதல் வாரம். "சர்க்கரை டப்பாவ இடது பக்கம் வெச்சா நாலரை நிமிஷத்துல முடிச்சுடலாம்."

"நாலரையிலயா?"

"தாராளமா."

"அடேங்கப்பா. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏதுங்க? நாளையிலருந்து நீங்களே போடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும். அன்றிலிருந்து இந்த வீட்டில் டீ என் பொறுப்பு.

எங்கள் மகள் தூரதேசத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அம்மாவோடு ஐம்பத்திரண்டு நிமிடம் பேசுவாள். பிறகு போன் என்னிடம் வரும். "நல்லா இருக்கீங்களாப்பா?" "இருக்கேம்மா." "சரிப்பா, வெச்சுடறேன்." ஒன்பது விநாடி. ஒரே ஒரு தடவை பதினோரு விநாடி ஆயிற்று. நடுவில் அவள் தும்மினாள்.

மனைவி வீட்டிலேயே துணி திருத்தித் தைத்துக் கொடுப்பவள். இடுப்பைப் பிடிப்பாள், கையைக் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள். வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் கட்டடத்துப் பெண்கள் நான்கைந்து பேர் துணிப்பையோடு வருவார்கள். உள் அறையில் படுத்திருக்கும்போது அவர்கள் சிரிப்பது கேட்கும். என்னதான் இவ்வளவு சிரிக்கிறார்கள் என்று எழுந்து கூடத்துக்குப் போவேன். சிரிப்பு நின்றுவிடும். ஒருத்தி நூலைப் பார்ப்பாள், ஒருத்தி கூரையைப் பார்ப்பாள். மூன்றாவது மாடிக்காரி "வாங்க அண்ணே" என்பாள், அதற்கு மேல் ஒன்றும் வராது. நான் மணியைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடுவேன். எனக்குத் தனிமையாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் தனிமையே இருந்திருக்காது.

இப்படி இருக்கையில் ஒருநாள் கதவுத் தாழ்ப்பாளில் இடித்து, கடிகாரக் கண்ணாடியில் கீறல் விழுந்தது. கடைத்தெரு மாடிப்படிக்குக் கீழே ஒரு கடிகாரக்காரர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் படி தலையில் இடிக்கும், அவ்வளவு சின்னக் கடை. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி.

"அக்ரிலிக் சார். பயப்படாதீங்க, தேய்ச்சா போயிடும்" என்றார். ஏதோ பசையைத் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். தேய்க்கும் நேரத்தில் அவருக்குக் கைக்குத்தான் வேலை. வாய் சும்மா இருந்தது. அதனால் பேசினார். மாமியாருக்கு மூட்டுவலி, எதிர்க்கடைக்காரனின் பூனை, போன வாரம் ஒருவர் கொண்டுவந்த கடிகாரத்துக்குள் இருந்த எறும்பு. "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று நடுநடுவே என் அபிப்பிராயம் வேறு கேட்டார். என்னைக் கண்டதும் பேச்சை ஆரம்பித்த முதல் மனிதர். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. பொத்தானை அமுக்கக்கூட மறந்துவிட்டேன்.

அடுத்த வாரமும் போக வேண்டும் போல இருந்தது. ஆனால் கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. காரணம் இல்லாமல் ஒரு கடைக்குப் போய் எப்படி உட்காருவது? புதன்கிழமை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுச் சாவியால் ஒரு கோடு போட்டேன். வியாழக்கிழமை போனேன்.

"என்ன சார் மறுபடியும்?"

"பஸ்ல இடிச்சிடுச்சு."

அதற்கடுத்த வாரம் சுவரில் இடித்தது. அதற்கடுத்த வாரம் எருமை. இடிப்பதற்கு உலகத்தில் பொருள் தீர்ந்துபோகும் அளவுக்கு இடித்தேன். ஒருநாள் அவர் பூதக்கண்ணாடியை நன்றாக அழுத்திக்கொண்டு பார்த்தார்.

"சார், இதுல ரெண்டு விதமான கீறல் இருக்கு. ஒண்ணு நேரா ஆழமா இருக்கு. இன்னொண்ணு பொடிப் பொடியா, சுத்திச் சுத்தி இருக்கு."

"எருமைக்கு ரெண்டு கொம்பாச்சே" என்றேன். அவர் பசையைத் துணியில் தொட்டார்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மெலிந்துவிட்டது. ஒருநாள் அவர் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே தாங்காது சார். மாத்திடலாம். பழையபடி அக்ரிலிக் போடலாம், இல்ல சஃபையர் போடலாம்."

"என்ன வித்தியாசம்?"

"அக்ரிலிக்ல கீறல் விழும், தேய்ச்சா போயிடும். கீழே போட்டா உடையாது. உங்க கடிகாரத்துக்கு அதான் அழகு, நடுவுல லேசா உப்பலா, பழைய ஜாடையிலேயே இருக்கும். சஃபையர் மூணு மடங்கு விலை. ஓரத்துல பால் மாதிரி ஒரு வெள்ளை வளையம் தெரியும். ஆனா வைரத்தால கீறினாத்தான் கீறும். உங்களுக்கு வாய்ச்சிருக்கிற எருமைக்கு சஃபையர்தான் லாயக்கு. என் மூஞ்சிலயே நீங்க முழிக்க வேண்டாம்."

கீறல் இல்லாவிட்டால் வியாழக்கிழமை இல்லை. வியாழக்கிழமை இல்லாவிட்டால் வாரத்தில் எதுவுமே இல்லை. "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து வந்தேன்.

அங்கேயே அக்ரிலிக் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம். ஆனால் கீறல் மேல் கீறலாகக் கொண்டுவருகிற மனிதன் தானாக அக்ரிலிக் கேட்டால் அவருக்குச் சந்தேகம் வராதா? 'வீட்டில் சஃபையர் வேண்டாம் என்றுவிட்டாள்' என்று சொன்னால் எந்தக் கேள்வியும் வராது. கல்யாணமான ஆணின் அந்த வாக்குமூலத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்கும். எங்கள் வீட்டு வழக்கப்படி நான் கேட்டது கிடைக்காது. நீலத் திரை கேட்டால் பழுப்புத் திரை வரும். மெத்தை கேட்டால் தலையணை வரும். எனவே சஃபையர் கேட்டால் அக்ரிலிக் நிச்சயம்.

அன்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"கடிகாரத்துக்குக் கண்ணாடி மாத்தணும். நான் சஃபையர்தான் போடப்போறேன்!"

"எதைப் போட்டாலும் மணி ஒண்ணுதானே காட்டும்?"

ஆகா, பாதை சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

"மூணு மடங்கு விலை. இருந்தாலும் எனக்கு சஃபையர்தான். யார் தடுத்தாலும் கேக்கமாட்டேன்!"

"கீறலே விழாதா அதுல?"

"விழவே விழாது!"

"நிச்சயமா?"

"வைரத்தால கீறினாத்தான் உண்டு."

"நம்ம வீட்ல அது இல்ல" என்று நூலைப் பல்லால் கடித்தாள். "சரிங்க. போட்டுக்குங்க."

"என்னது?"

"போட்டுக்குங்கன்னேன். ஆசைப்பட்டுக் கேக்கிறீங்க."

முப்பத்து நாலு வருடத்தில் நான் கேட்டதற்குக் கிடைத்த முதல் 'சரி' அதுதான். அழலாமா என்று இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதை அதற்கு முன் கேள்விதான் பட்டிருக்கிறேன்.

சஃபையர் போட்டாயிற்று. கடிகாரக்காரர் கையைக் குலுக்கி வழியனுப்பி வைத்தார். அந்த வாரம் முழுக்க நான் சும்மா இருக்கவில்லை. சாவியால் கீறினேன், சாவி தேய்ந்தது. சுவரில் உரசினேன், சுண்ணாம்பு உதிர்ந்தது. ஜன்னல் கம்பியில் அடித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் யாரோ அழைப்பதாக எண்ணிக் கதவைத் திறந்தார். அவள் கத்தரிக்கோலை எடுத்துக் குத்தினேன்.

"என் கத்தரிக்கோல வெச்சு என்னங்க பண்றீங்க?"

"நகம் வெட்டறேன்."

கீழே போட்டால் சஃபையர் உடையலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு போட்டேன். நேராக என் கால் கட்டைவிரலில் விழுந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னால்தான் நடக்க முடியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மூன்று மணிக்குக் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, இன்னும் கிளம்பலையா?"

"எங்க?"

"வியாழக்கிழமை எங்க போவீங்க?"

"கண்ணாடில கீறல் இல்லையே."

தையல் மெஷின் நின்றது. "இத்தனை நாளும் கீறலுக்காகவா போனீங்க?"

நான் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினேன்.

"புதன்கிழமை ஆனா குளியலறைக்குள்ள கர்ரு கர்ருன்னு சத்தம் கேக்குமே, அது என்ன எலியா?"

"தெரியுமா உனக்கு? அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. உங்களுக்குக் கீறவும் கை வரல. ஒரே ஒரு கோடு. அதை அவரு பத்து நிமிஷத்துல தேய்ச்சு உங்களைத் திருப்பி அனுப்பிட்டா? அதான் மறுநாள் காலைல நீங்க அதைக் கழட்டி வெச்சுட்டுக் குளிக்கப் போனதும், பாத்திரம் தேய்க்கிற நார எடுத்து நானும் நாலு தேய் தேய்ப்பேன். இருபத்து மூணு வாரம்ங்க. மணிக்கட்டே போச்சு. நீங்களா வந்து சஃபையர்னு கேட்டதும், இனிமே கீறல் இல்லாமயே போயிடுவீங்க, என் கை தப்பிச்சுதுன்னு சரின்னுட்டேன்."

எருமையின் இரண்டாவது கொம்பு என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"அவங்கள்லாம் வர்ற நேரம். நீங்க இங்க உட்கார்ந்தா ஒருத்தியும் வாயத் தொறக்கமாட்டேங்கிறா."

"தொழிற்சாலையிலயும் அப்படித்தான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அந்த ஐந்து காலி நாற்காலியைப் பற்றி அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அப்போது சொன்னேன்.

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அது பாதிக் காரணம்தாங்க" என்றாள். "அங்க போயிட்டு வர்ற அன்னைக்கு மட்டும்தான் சாப்பிடறப்ப என்கிட்ட பேசறீங்க. அந்தப் பூனை, அந்த எறும்பு, அவரு மாமியார். மத்த நாள்ல மணிதான் சொல்றீங்க. போங்க. போய் உட்கார்ந்துட்டு வாங்க."

"காரணம் இல்லாம எப்படிப் போறது?"

"'சும்மா வந்தேன்'னு சொல்லுங்க. மனுஷங்க அப்படித்தாங்க போவாங்க."

செருப்பை மாட்டினேன். கட்டைவிரல் வலித்தது. வழியெல்லாம் 'சும்மா வந்தேன், சும்மா வந்தேன்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அறுபது வயதில் ஒரு வாக்கியத்துக்கு ஒத்திகை. அவர் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டுவிட்டால் அப்படியே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன். அவர் எதையோ திருகிக்கொண்டிருந்தார். எனக்கு உட்காரும் முக்காலி வெளியே தயாராக இருந்தது. மேலே தூசி கூட இல்லை.

"சும்மா... வந்தேன்" என்றேன்.

"வாங்க சார், வாங்க. ஏன் இவ்வளவு லேட்டு? உங்களுக்காகத்தான் டீ சொல்லாம உட்கார்ந்திருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீறல் இல்லை, வேலை இல்லை. எனக்காக ஒரு மனிதர் டீ குடிக்காமல் காத்திருக்கிறார். முக்காலியில் உட்கார்ந்தேன். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு எதிர்ச் சுவரில் மணியைப் பார்த்தார்.

"வீட்லருந்து அம்மா போன் பண்ணாங்க சார். அஞ்சரைக்கு முன்னாடி உங்களை விட்டுடக் கூடாதாம். இன்னும் ஒரு மணி அம்பது நிமிஷம் இருக்கு."