செவலைக்குப் பட்டம் கொடுத்த பிரிண்டர்

ராகலை பஜாரில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மரக்கறிக் கடை வரைக்கும் ஒரே வரிசை. மண்ணெண்ணெய்க்கு இல்லை. கோதுமை மா மூட்டைக்கும் இல்லை. பிரிண்டர் வாங்க. அதுவும் கடைக்குப் போனோம், காசைக் கொடுத்தோம், தூக்கிக்கொண்டு வந்தோம் என்கிற சாதாரண பிரிண்டர் இல்லை. பிள்ளையின் நட்சத்திரத்துக்குப் பொருத்தம் பார்த்து, பிரிண்டரே "இவள்தான் எனக்கு உரியவள்" என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லும். அதற்குத்தானே யந்திரச் சாமி இருக்கிறார்.

யந்திரச் சாமியின் சொந்தப் பெயர் யோகேஸ்வரன். மூன்று வருசத்துக்கு முன்னால் இதே கடையில் ஃபோன் கவர் விற்றார். கவர் போகவில்லை. கொழும்பில் யாரோ கழித்துப் போட்ட பழைய பிரிண்டர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து அடுக்கினார். அதுவும் போகவில்லை. தாடி விட்டார். காவி கட்டினார். பிரிண்டர் போக ஆரம்பித்துவிட்டது.

வரிசையில் ஜீவராணி நாற்பத்தோராவது ஆள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். இன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மடியில் சீட்டுக்காசு. மகள் தனுஷிகாவுக்குக் கெம்பஸில் கடைசி வருசம். ஆய்வுக் கட்டுரையை வீட்டிலிருந்துதான் எழுதுகிறாள். எழுதியதை அடித்துக்கொண்டுபோய்க் கெம்பஸில் படிப்பிக்கிற சேருக்குக் காட்ட வேண்டும். அவர் சிவப்புப் பேனாவால் கீறிக் கொடுப்பார். திருத்தி மறுபடியும் அடிக்க வேண்டும். போன தவணையில் பிரிண்ட் போடப் பஸ் ஏறிய அன்றைக்கென்று மண் சரிந்து ரோடு மூடி, ஒரு பாடத்தில் மார்க் வெட்டுப்பட்டது. இந்தக் காசை விட்டால் வேறு காசில்லை. வாங்குகிற பிரிண்டர் கடைசிப் பக்கம் வரைக்கும் ஓட வேண்டும். ஜீவராணியின் வேண்டுதல் அவ்வளவுதான்.

தனுஷிகா காலையிலேயே சொன்னாள்: "அம்மா, பிரிண்டருக்கு ராசி பாக்க வேணாம். மை என்ன விலை, ஒரு தடவை ஊத்தினா எத்தனை பக்கம் வரும், அந்த மை எங்க கிடைக்கும். இதைக் கேட்டாப் போதும்."

"நீ படிச்ச புள்ள. உனக்கு இதெல்லாம் தெரியாது," என்றாள் ஜீவராணி.

வரிசையில் முன்னால் நின்றது பக்கத்து லயத்து வீட்டு வினோதா. போன மாசமே மகனுக்கு ஒன்று எடுத்தவள்.

"வாங்கக்கா. எங்க தம்பிக்குக் கடக ராசி. அந்த மாடல்தான் ஒத்துவரும்னு சாமி சொன்னாங்க."

"நல்லா ஓடுதா?"

"நாப்பது பக்கம் ஓடுச்சுக்கா. பொறவு மை தீந்துருச்சு."

"அப்புறம்?"

"சாமிகிட்டதான் மந்திரிச்ச மை வாங்கணும். வெளிக்கடை மை ஊத்தினா தோஷமாம். இன்னைக்கு மூணாந்தடவை வந்திருக்கேன்."

"என்னா விலை?"

"பிரிண்டர் விலையில பாதி. ஆனா விபூதி கலந்திருக்குல்ல."

விபூதி கலந்த மை எந்த மெசினில் ஓடும் என்று வரிசையில் ஒருத்தரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேள்வி கேட்கிற நேரமா அது. இடம் போய்விடும்.

கடை வாசலில் சாமியின் மச்சான் சிவசாமி மஞ்சள் உறை விற்றுக்கொண்டிருந்தார். "புள்ளையோட பிறப்புச் சான்றிதழை உள்ள வச்சு ஒட்டிருங்க. சாமி பிரிக்க மாட்டாங்க. மனுசக் கண்ணு பட்டா கட்டம் கலங்கிரும்."

தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழில் இருப்பது பிறந்த திகதியே இல்லை. அப்பனுக்குப் பதியப்போக லீவு கிடைத்த திகதி. அந்தத் திகதிக்கு நட்சத்திரம் பார்த்து, அந்த நட்சத்திரத்துக்கு மெசின் பார்க்கிறார்கள். அப்பனின் லீவுக்குப் பொருத்தமான பிரிண்டர்.

ஜீவராணி பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துவந்த கடதாசியை மடித்தபடியே உறைக்குள் வைத்தாள். முழுக்கச் சிங்களத்தில் இருந்தது, ஊதா முத்திரை இருந்தது. அரசாங்கக் கடதாசி என்றால் வேறு எப்படி இருக்கும்.

உள்ளே சிவப்புப் பட்டுப் போர்த்திய மூன்று பிரிண்டர். பின்னால் ஒரு திரை. சாமி மணியை ஆட்டினார்.

"மக பேரு தனுஷிகாங்க சாமி."

"வாயால சொல்லாதே தாயே. யந்திரத்துக்கு உறை போதும்."

முதல் பிரிண்டர் மேல் உறையை வைத்தார். பேச்சில்லை. இரண்டாவது, அதுவும் மௌன விரதம். மூன்றாவதில் வைத்ததும் திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். மெசின் கர்ரென்று உறுமி ஒரு தாளைத் துப்பியது. சாமி வாசித்தார்: "ஓம். உரியவள் வந்துவிட்டாள். முதல் வகுப்புப் பட்டம் உறுதி."

"பாத்தியா தாயே. தட்டின விரலு கிடையாது. தானா எழுதுது."

ஜீவராணிக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பாதிக் காசை முற்பணமாக வைத்தாள். மீதியை நாளைக்கு நல்ல நேரத்தில் கட்டிவிட்டு மெசினை எடுக்கலாம். உறையைச் சிவப்பு நூல் சுற்றித் திருப்பிக் கொடுத்தார் சாமி. நாற்பத்தெட்டு நாள் பிரிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து, யந்திரம் சொன்னதைச் சொல்லிக்கொண்டே உறையை வைக்க டின்னைத் திறந்தபோது தனுஷிகா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, என் சான்றிதழ் இந்தா இருக்கு. நீங்க எதைக் கொண்டு போனீங்க?"

"பிரிக்காத புள்ள, நாப்பத்தெட்டு..."

பிரித்தாயிற்று. தனுஷிகா சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்தாள். "மிருக வைத்தியர் ஒபிஸ். பேரு, செவலை. இனம், பசு. தாய், கறுப்பி. தகப்பன், ஜேர்சி."

பின்னால் கொட்டிலில் செவலை அசை போட்டுக்கொண்டிருந்தது.

"முதல் வகுப்பாம்மா?"

"முதல் வகுப்புன்னுதான் அடிச்சுக் குடுத்துச்சு."

"எந்தப் பாடத்திலயாம்?"

ஜீவராணி கொட்டில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மாடும் லட்சுமிதானே. அதை நினைச்சு அப்பிடி வந்திருக்குமோ," என்றாள்.

"லட்சுமிக்கு எதுக்கும்மா பிரிண்டர்?"

ஜீவராணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து விறகுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பாதிக் காசு ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"நாளைக்கு நீயும் வா," என்றாள்.

மறுநாள் வரிசை இன்னும் நீளம். உடப்புசல்லாவையிலிருந்து வேன் பிடித்தே வந்திருந்தார்கள். ஜீவராணி, திரும்ப ஒட்டி நூல் சுற்றிய அதே உறையோடு நேரே உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்ததால் வரிசையும் எட்டிப் பார்த்தது.

"சாமி, மீதிக் காசு கட்ட முந்தி இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாங்களா?"

"சந்தேகமா தாயே?"

"சந்தோசங்க. திரும்பக் கேக்க ஆசையா இருக்கு."

சாமி மணியை ஆட்டினார். உறையை வைத்தார். இருமல். கர்ர். "உரியவள் வந்துவிட்டாள். முதல் வகுப்புப் பட்டம் உறுதி." கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. ஜீவராணி உறையைக் கிழித்து, வாசலில் நின்ற மரக்கறிக் கடை முதலாளியிடம் நீட்டினாள். "உங்களுக்குச் சிங்களம் தெரியுமே. தமிழ்ல சத்தமா வாசிங்க."

அவர் வாசித்தார். தகப்பன் ஜேர்சி என்று வந்ததும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சாமி அசரவில்லை. "பசு யாரு? மகாலட்சுமி. தெய்வத்தைத் தெய்வம் கண்டுக்கிருச்சு," என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் மறுபடியும் கும்பிட்டார்கள். ஜீவராணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேற்று அவள் சொன்ன அதே சமாதானம். சாமியாராக இவ்வளவுதான் தேவை என்றால் அவளே ஆகியிருக்கலாம்.

தனுஷிகா பவ்வியமாக முன்னால் வந்தாள். "நானும் தொட்டுக் கும்பிட்டுக்கிறேங்க சாமி." பிரிண்டரை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கி, குனிந்து அடியைப் பார்த்தாள். அப்படி ஒரு பக்தியைச் சாமியே கண்டதில்லை.

"யந்திரம் சொல்றது ஈஸ்வரன் வாக்குங்களா?"

"வேற யாராலும் அதைப் பேச வைக்க முடியாது."

"சரிங்க," என்று தனுஷிகா தன் ஃபோனில் என்னவோ தட்டினாள்.

மணி அடிக்கவில்லை. உறை வைக்கவில்லை. மெசின் உறுமியது. தாள் வந்தது. இன்றைக்கும் வரிசைக்கு வந்திருந்த வினோதா பாய்ந்து எடுத்து, பக்தியோடு சத்தமாக வாசித்தாள்: "நான் பழைய பிரிண்டர். எனக்கு மை ஊத்தி மாளாது. என்னை வாங்காதீங்க. இப்படிக்கு, செவலை."

திரைக்குப் பின்னாலிருந்து சிவசாமியின் குரல் வந்தது. "மச்சான், நான் இன்னும் ஒண்ணும் அனுப்பலையே. யாரோ நம்ம மெசினுக்கு அனுப்புறாங்க."

ஜீவராணி போய்த் திரையை இழுத்தாள். ஸ்டூலில் சிவசாமி, கையில் ஃபோன், மடியில் பாதி தின்ற வடை.

"வயர் இல்லாம ஃபோன்ல இருந்து அடிக்கிற மெசினுங்க," என்றாள் தனுஷிகா. "பாஸ்வேர்டு அடியிலயே ஒட்டியிருக்கு. அண்ணன் திரைக்குப் பின்னால செய்றாரு. நான் முன்னால செஞ்சேன்."

"முற்பணத்தைக் குடுங்க," என்றாள் ஜீவராணி.

"தோசம் கழிச்சுத்தான் தரணும்..."

"நேத்து வாங்கறப்ப அதுக்குத் தோசம் இல்லைங்களே."

வரிசை உள்ளே தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்த சாமி காசை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய் குறையவில்லை.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் நம் சனத்தை உங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் வெளியே வந்தபோது வரிசை கலையவில்லை. திரும்பி நின்றது, அவ்வளவுதான். இப்போது தனுஷிகாவுக்கு முன்னால். வேனில் வந்த ஒருத்தர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, "பாப்பா, மகனுக்குச் சிம்ம ராசி. நீங்களே ஒரு மெசினைச் சொல்லிருங்க," என்றார். வினோதா எலுமிச்சம்பழத்தை அவள் காலடியில் வைக்கப் போனாள். தனுஷிகா பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து பஸ்ஸில் முதுகு இடித்துக்கொண்டாள்.

நுவரெலியா பஸ் அது. அங்கே மை விலையைக் கேட்டு ஒரு மெசின் வாங்கலாம். ஜீவராணி மகளை ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி அந்த எலுமிச்சம்பழத்தை வினோதாவின் கையிலேயே திணித்தாள்.

"கொண்டுபோய்ச் சோத்துல பிழிஞ்சு சாப்பிடு வினோதா. ஒருத்தன் கால்ல இருந்து எந்திரிச்சதும் அடுத்த கால் எங்கன்னு தேடுறீங்களே, உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு. இத்தனை வருசமா உறை பிரிக்காமலே வச்சிருக்கீங்க. அதை இன்னைக்காவது பிரிங்க."

பஸ் கிளம்பிவிட்டது.